படத்தில் தெரியும் சிகரம் எது? மென்பொருளைக் கொண்டு அறிவது குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஐயா, டார்ஜிலிங்கின் டைகர் ஹில்லில் எடுத்த படத்தில் வடமேற்கே மூன்று முனைகள் தெரிகின்றன. வலப்பக்கம் இருப்பதே உயரமாகத் தெரிவதால் அதுதானே எவரெஸ்ட்?

பதில்: இல்லை, அது மக்காலு. இடமிருந்து வலமாக லோட்சே, எவரெஸ்ட், மக்காலு என்று அவை நிற்கின்றன. எவரெஸ்ட் 8,849 மீட்டர் உயரமுடையது என்றாலும் அங்கிருந்து சுமார் 170 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது; 8,485 மீட்டர் உயரமுள்ள மக்காலு அதைவிட ஏறத்தாழ 20 கிலோமீட்டர் அருகில் இருக்கிறது. காற்றில் ஒளி வளைவதையும் கணக்கில் கொண்டால், பூமியின் வளைவினால் எவரெஸ்ட் சுமார் 2,000 மீட்டரும் மக்காலு சுமார் 1,600 மீட்டரும் தாழ்ந்து தெரியும். படத்தில் சிகரங்களின் பெயரைக் காட்டும் பீக்ஃபைண்டர் போன்ற கைபேசிச் செயலிகள் இந்தக் கணக்கைச் செய்துதான் பெயரிடுகின்றன; வெறும் கண்ணை நம்பினால் இங்கே ஏமாந்துபோவோம்.

கேள்வி: அப்படியானால் செயலி மலையின் உருவத்தைப் பார்த்து அடையாளம் காண்பதில்லையா?

பதில்: பெரும்பாலான செயலிகள் அவ்வாறு செய்வதில்லை. நீங்கள் நின்ற இடத்தையும் நில உயரத் தரவையும் வைத்துக்கொண்டு, அங்கிருந்து மலைவிளிம்பு எப்படித் தெரிய வேண்டும் என்று கணக்கிட்டு, அந்தக் கோட்டைப் பெயர்களோடு படத்தின்மேல் வரைகின்றன. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடார் கொண்டு அளந்த தரவு இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது.

கேள்வி: எனக்குப் பெயர்கள் பக்கத்துச் சிகரத்தின்மேல் விழுகின்றனவே?

பதில்: கைபேசியின் திசைகாட்டியே பெரும்பாலும் காரணம். வண்டியோ இரும்புக் கம்பிவேலியோ அருகில் இருந்தால் அது சில டிகிரி எளிதாக விலகிவிடும். எவரெஸ்டுக்கும் மக்காலுவுக்கும் இடையே உள்ளதோ ஒரு டிகிரிக்கும் குறைவு. வழக்கமான கைபேசியில் எடுத்த, 4,000 பிக்சல் அகலமுள்ள படத்தின் நடுப்பகுதியில் ஒரு டிகிரி என்பது ஏறக்குறைய 50 பிக்சல்தான். ஆகவே செயலி வரைந்த கோட்டை விரலால் இழுத்து, ஐயமின்றித் தெரியும் கஞ்சன்ஜங்காவின்மேல் முதலில் பொருத்துங்கள். பிறகு படத்தின் மறு ஓரத்திலும் கோடு பொருந்துகிறதா என்று கட்டாயம் பாருங்கள். அங்கே விலகினால், லென்ஸின் குவியத்தூரம் (படத்தில் எவ்வளவு அகலமான காட்சி அடங்கும் என்பதைத் தீர்மானிக்கும் அளவு) தவறாகப் பதிவாகியிருக்கிறது என்று கொள்ளலாம். ஒரே முனை பொருந்தியதும் பெயரை ஏற்றுக்கொள்வது சரியான முறையன்று.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இடமே காட்டவில்லை.

பதில்: சாதாரணமாக அனுப்பும்போது இடக்குறிப்பு நீங்கிவிடும். படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். இல்லையேல் நின்ற இடத்தை வரைபடத்தில் கையால் குறியுங்கள்.

கேள்வி: தொலைவிலுள்ள சிகரங்கள் சரியாகப் பொருந்த, அருகிலுள்ள முகடு மட்டும் விலகுவது ஏன்?

பதில்: நின்ற இடம் 100 மீட்டர் பிசகினால், 2 கிலோமீட்டரில் உள்ள முகடு 3 டிகிரி வரை நகரும்; எவரெஸ்டோ அசையாததுபோலவே இருக்கும். அதனால் இடத்தைத் திருத்துவதற்கு எப்போதும் அருகிலுள்ள முகட்டையே பாருங்கள். இடம் சரியாக இருந்தும் கூரிய முனை ஒன்று செயலியின் கோட்டில் மழுங்கித் தெரிந்தால், அது சுமார் 30 மீட்டர் கட்டங்களாக அளந்த தரவின் குறைதான்.