அந்த ‘ஜூடா’ யூதா இல்லை, பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: பள்ளிக் கண்காட்சிக்காக, 1747-ல் லண்டனில் இமானுவேல் போவன் வெளியிட்ட மேற்கு ஆப்பிரிக்க வரைபடம் ஒன்றை வாங்கப் போகிறேன். அதில் அடிமைக் கரை என்ற, அடிமை வியாபாரம் நடந்த கடலோரத்தில் ‘ஜூடா ராஜ்ஜியம்’ என்று இருக்கிறது. அடிமைகளாகப் போனவர்கள் பைபிளில் வரும் யூதா கோத்திரத்தார் என்பதற்கு இதுவே சாட்சி என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? விற்பவர் ஒரிஜினல் என்கிறார்.

பதில்: இல்லை. அது ஹுவேடா என்ற சிறிய ராஜ்ஜியத்தின் பெயர். காதில் விழுந்ததை அவரவர் பாணியில் எழுதினார்கள்: பிரெஞ்சுக்காரர் ஜூடா, போர்த்துகீசியர் அஜுடா, ஆங்கிலேயர் விடா. இன்றைய பெனின் நாட்டில் உள்ள ஊய்டா அதுதான். பைபிளோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இன்னொன்றைக் கவனியுங்கள். பக்கத்து ராஜ்ஜியமான தஹோமியின் மன்னர் அகாஜா 1727-லேயே அந்த ராஜ்ஜியத்தைப் பிடித்துவிட்டார், இருபது வருடம் கழித்து வந்த வரைபடத்திலோ அது அப்படியே நிற்கிறது! பழைய வரைபடங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் புதியதை வரைந்தார்கள், அதனால் கீழே உள்ள ஆண்டு அச்சடித்த ஆண்டு, தகவலின் ஆண்டு அல்ல. மாலுமிகளின் கடல் வரைபடம் மட்டும் கொஞ்சம் வேறு ரகம், ஆழம் தப்பினால் கப்பல் தரைதட்டும் என்பதால் திருத்த ஒரு அவசியம் இருந்தது, ஆனால் அதுவும் கரையோரத்துக்குத்தான், உள்நாட்டில் யார் ஆள்கிறார் என்பதற்கு அல்ல, உங்களிடம் வருவது அந்த ரகமும் அல்ல.

அப்புறம் எதற்குத்தான் உதவும்? கரையின் பெயர்களைப் படியுங்கள்: தானியக் கரை, தந்தக் கரை, தங்கக் கரை, அடிமைக் கரை. மனிதர்களும் சரக்குப் பட்டியலில்! (‘தானியம்’ என்றது உண்மையில் ஒரு வகை மிளகு.) எந்தக் குடியேற்றம் எந்த ஐரோப்பிய நாட்டுக்கு என்று காட்டுவதாகத் தலைப்பிலேயே பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். ஆனால் எத்தனை பேர் அடிமைகளாகப் போனார்கள் என்ற எண்ணிக்கை இதில் கிடைக்காது. அட்லாண்டிக் கடலைக் கடக்கக் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடி, உயிரோடு இறங்கியவர்கள் சுமார் 1.07 கோடி என்பது கப்பல் பதிவுகளை வைத்துப் போட்ட கணக்கு. அதிகம் பேர் ஏற்றப்பட்ட துறைமுகமான லுவாண்டா (இன்றைய அங்கோலாவில்) இந்தத் தாளிலேயே இல்லை, அது இன்னும் தெற்கே.

சரி, வியாபாரிக்கு வருவோம். அட்லஸைக் கிழித்துத் தாள் தாளாக விற்பதும், நேற்றுப் பூசிய வர்ணத்தைப் பழசென்று சொல்வதும் இந்தத் தொழிலில் சகஜம். பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது நவீன அச்சு. செப்புத் தகட்டு அச்சில் கோடு தொடர்ச்சியாக ஓடும், ஓரத்தில் தகடு அழுத்திய தடமும் இருக்கும். வெளிநாட்டு நூலகங்கள் பல இத்தகைய வரைபடங்களைத் தெளிவான ஸ்கேனாக இலவசமாகவே தருகின்றன. இங்கே ஒரு நூலகத்தில் நான் ஒரு நகலுக்கு மூன்று கடிதம் எழுதினேன், பதில் இன்னும் வரவில்லை, அதை விடுங்கள். ஸ்கேனைப் பெரிதாக அச்செடுத்து மாட்டுங்கள். ஒரிஜினல்தான் வேண்டும் என்றால் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.