தோள்மூட்டு மாற்றியவர் மறுபடியும் துப்பாக்கி ஏந்தலாமா?

வாசகர் கேள்வி: சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், வயது 64. சொந்தமாக 4 ஏக்கர் செம்பனை இருக்கிறது. இளங்கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் தோண்டித் தின்பதால், உரிமம் பெற்ற 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி பல ஆண்டுகளாக என்னிடம் உள்ளது. மாதம் ஒருமுறை நண்பர்களோடு பன்றி வேட்டைக்குப் போவேன். 5 மாதங்களுக்கு முன் ஈப்போவில் என் வலது தோள்மூட்டை மாற்றினார்கள். நான் வலது தோளில் வைத்துச் சுடுபவன். எப்போது மறுபடியும் சுடலாம்? சுடும்போது துப்பாக்கி பின்னுக்கு உதைப்பதில் உள்ளே பொருத்தியது கழன்றுவிடுமா? துப்பாக்கியை ஒப்படைத்துவிடுங்கள் என்று மகன் சொல்கிறான்.

பதில்:

ஐயா, துப்பாக்கியை இப்போதே ஒப்படைக்க வேண்டிய நிலை உங்களுக்கு வந்துவிட்டதாக உங்கள் கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்டிருப்பதை நான் இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. சுடுவது ஒன்று, வேட்டைக்குப் போவது இன்னொன்று. முன்னதற்குப் படிப்படியாகத் திரும்பிவிடலாம். பின்னதில்தான் மாற்றிய தோள்களுக்கு அதிகம் ஆபத்து நேர்வதை, தோள் நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் இத்தனை ஆண்டுகளில் பார்த்திருக்கிறேன்.

முதலில், உங்களுக்கு எந்த வகை மூட்டு வைத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பலருக்கு அது தெரிவதும் இல்லை. இயல்பான அமைப்பைப் பின்பற்றும் மூட்டில், மேற்கை எலும்பின் தலையில் உலோகப் பந்தும், தோள்பட்டை எலும்பில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் கிண்ணமும் பொருத்தப்படும். பந்தைக் கிண்ணத்தில் பிடித்து நிறுத்தும் சுழல் தசைநார்கள் நல்ல நிலையில் இருப்பவர்களுக்கே பெரும்பாலும் இது பொருந்தும். அந்தத் தசைநார்கள் கிழிந்து நாளானவர்களுக்கு எதிர்முறை மூட்டு வைப்பார்கள். அதில் பந்து தோள்பட்டையிலும் கிண்ணம் கையிலும் இடம் மாறிவிடும்; கையைத் தூக்கும் வேலையைப் பெரும்பாலும் தோளின் வெளித்தசையே ஏற்றுக்கொள்ளும். பிரான்சின் போல் கிராமோன் 1985-இல் உருவாக்கிய அமைப்பே இன்றைய எதிர்முறை மூட்டுகளுக்கு மூலம். இரண்டு வகைகளும் துப்பாக்கியைத் தாங்கும் விதம் வேறு, பழுதாகும் விதமும் வேறு. ஆகையால் அறுவை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, வகையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

உள்ளே வைத்தது கழன்றுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் துப்பாக்கிக் கட்டையை எங்கே பதிக்கிறீர்கள் என்பதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். மார்புத் தசையும் தோள் தசையும் சேரும் பள்ளத்தில், காறை எலும்புக்குச் சற்றுக் கீழே பதிப்பீர்கள். வழக்கமான அறுவையின் தழும்பும் ஏறக்குறைய அதே பள்ளத்தின் வழியாகத்தான் இறங்குகிறது. இயல்பு வகை மூட்டை வைக்கும்போது, மூட்டின் முன்பக்கத்தில் உள்ள ஒரு தசைநாணை மருத்துவர் வழக்கமாக வெட்டித் திறந்து, பிறகு தைத்து மூடுகிறார். அது எலும்போடு மறுபடி ஒட்ட முதல் 6 வாரங்கள் மிக முக்கியம். உறுதிப்பயிற்சி பொதுவாக 12 வாரத்துக்குப் பிறகே தொடங்கும். நீங்கள் 5 மாதம் கடந்துவிட்டதால், சிக்கல் ஏதும் இல்லாதவராக இருந்தால் தையல் பற்றிய கவலை பெரும்பாலும் தீர்ந்திருக்கும். பல அறுவை மருத்துவர்கள் உதை குறைந்த சிறு துப்பாக்கிகளுக்கு 3 மாதத்துக்குப் பிறகும், 12 போருக்கு 4 முதல் 6 மாதத்துக்குப் பிறகும் சம்மதிக்கிறார்கள். சிலர் 12 போரே வேண்டாம் என்பார்கள். உங்கள் எக்ஸ்ரேயைப் பார்ப்பவர் உங்கள் அறுவை மருத்துவர் என்பதால், அவர் சொல்லே முடிவு.

இயல்பு வகை மூட்டில் நீண்ட காலப் போக்கில் கவலை தருவது அந்தப் பிளாஸ்டிக் கிண்ணம். பந்து கிண்ணத்தின் நடுவில் அழுத்தும்வரை அது நன்றாகத் தாங்கும். ஒரு விளிம்பையே திரும்பத் திரும்ப அழுத்தினால், ஆடும் நாற்காலியைப் போல எதிர் விளிம்பு மெல்லத் தூக்கிக்கொண்டு தளரும். கட்டையை உள்பள்ளத்தில் பதிக்காமல் கையின் மேல் உருண்டையில் வைத்துச் சுடுபவர்களுக்கு, உதையின் ஒரு பகுதி பந்தைக் கிண்ணத்தின் பின்விளிம்பை நோக்கித் தள்ளுகிறது. மூட்டுத் தேய்மானத்தில் அந்தப் பின்விளிம்பு ஏற்கனவே தேய்ந்திருப்பது பலரிடம் காணப்படும் ஒன்று. ஆகவே உங்கள் அறுவை மருத்துவரிடம், என் கிண்ணத்தின் பின்பக்க எலும்பு எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தப் பதிலைப் பொறுத்தே நான் தோட்டா எண்ணிக்கையைச் சொல்வேன். எதிர்முறை மூட்டில் கவலை வேறு. கையைப் பின்னுக்கு இழுத்து, உடலோடு ஒட்டி, உள்நோக்கித் திருப்பும்போதுதான் அது நழுவக்கூடும். முதல் 3 மாதங்களில் இதில் கூடுதல் கவனம் வேண்டும். கால்சட்டையின் பின்பையிலிருந்து தோட்டா எடுப்பது அச்சு அசலாக இந்த அசைவே. தோட்டாவை இடுப்பின் முன்பக்கப் பைக்கு மாற்றிவிடுங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

உதையைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது. ஒரே துப்பாக்கியில், 24 கிராம் ரவை (சிறு உலோகக் குண்டுகள்) உள்ள தோட்டாவோடு ஒப்பிட்டால் பன்றிக்குப் போடும் 36 கிராம் பெரிய ரவைத் தோட்டாவின் உதை ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரவையின் எடை ஒன்றரை மடங்கு கூடியதற்கு உதை இரண்டு மடங்காவதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. ஒலிம்பிக் பறக்கும் தட்டுச் சுடுதலில் பயன்படுவது 24 கிராம் தோட்டா. தோள் தேறிவரும் ஒருவருக்குத் தொடக்கத்தில் நான் சொல்வதும் அதுதான். துப்பாக்கியின் எடை கூடினாலும் உதை குறையும். ஆனால் அந்த எடையைத் தூக்கி நிறுத்த வேண்டியதும் அதே தோள்தான் என்பதால், இதில் பெரிய லாபம் இல்லை. கட்டையின் முனையில் மென்மையான ரப்பர் மெத்தை பொருத்துவதில் நிச்சயப் பலன் உண்டு. ஆனால் அதனால் கட்டை நீண்டுவிட்டால் கையை எட்டிப் பிடிக்க நேரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு துப்பாக்கிக்கு மாறும் எண்ணம் இருந்தால், மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் குறிப்பிட்ட துப்பாக்கிக்கானது என்பதை நினைவில் வையுங்கள். காற்றழுத்தத் துப்பாக்கியும் அச்சட்டத்துக்குள் வருகிறது. தோள் தேறும்வரை அண்ணன் மகன் சுடட்டும் என்று துப்பாக்கியை எடுத்துக் கொடுக்கும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. உரிமம் இல்லாதவர் கையில் கொடுப்பது இருவருக்கும் குற்றமாகிவிடும், ஐயா, அதைச் செய்யாதீர்கள்.

எப்படித் தொடங்குவது? என் அறையில் நான் செய்யச் சொல்லும் முதல் சோதனைக்குத் துப்பாக்கியே தேவையில்லை. துடைப்பக் கட்டையைத் தோளில் பதித்து, குறிபார்க்கும் நிலையில் 10 வரை எண்ணச் சொல்வேன். 6-ஐத் தாண்டும்போது தோள் காதை நோக்கி ஏறினால், கையைத் தூக்கும் வேலையைக் கழுத்துத் தசைகள் செய்கின்றன என்று பொருள். அவர் இன்னும் தயாராக இல்லை. வலியில்லாமல் கையைத் தோள் மட்டத்துக்கு உயர்த்தி நிறுத்த முடிகிறவரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

அடுத்ததாக, தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டியிருக்க, குழல்கள் இரண்டையும் திறந்து கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு, வெறும் துப்பாக்கியை ஒரு நாளைக்கு 10 முறை தோளில் ஏற்றி இறக்குங்கள். 2 வாரம் இதைச் செய்து மறுநாள் காலை வலி இல்லையென்றால், சுடுதளத்தில் 24 கிராம் தோட்டா 5 மட்டும். பிறகு 2 நாள் ஓய்வு. அடுத்த முறை 10. முழுச் சுற்று 25-ஐ எட்ட ஒரு மாதமாவது எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் வரும் லேசான சோர்வு பரவாயில்லை. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, அல்லது இரண்டாம் நாளும் நீங்காத வலி வந்தால் ஒரு படி பின்னால் போங்கள். திராமடால் போன்ற மயக்கம் தரும் வலிமாத்திரை எடுத்துக்கொண்ட நாளில் துப்பாக்கியைத் தொடவே வேண்டாம்.

நின்றுகொண்டே சுடுங்கள். நிற்பவரின் இடுப்பும் முதுகும் சற்றுப் பின்னுக்கு அசைந்து உதையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மேசையில் சாய்ந்தோ, செம்பனை மரத்தில் முதுகை ஒட்டி உட்கார்ந்தோ சுட்டால் உடலுக்கு அசைய இடமில்லை. எல்லாமே தோளுக்குப் போகும். பன்றிக்காக மரத்தடியில் காத்திருக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை மாற்றிக்கொள்ள வேண்டும். கட்டையைத் தளர்வாகப் பிடிப்பதும் தவறு. இடைவெளி இருந்தால் துப்பாக்கி ஓடிவந்து இடிக்கும். இறுகப் பதிந்திருந்தால் தள்ளும்.

இடது தோளுக்கு மாறலாமே என்று சிலர் கேட்பார்கள். ஆதிக்கக் கண் வலதாக இருப்பவர் இடது தோளில் வைத்தால் குறி தவறும். பல துப்பாக்கிகளின் கட்டை வலக்கைக்காரருக்கென்று சற்று வளைத்தே செய்யப்பட்டிருக்கும். பொறுமை உள்ளவர் பழகிக்கொள்ளலாம். ஆனால் அவசரத்தில் பழகியவரை நான் வேட்டைக்கு அனுப்ப மாட்டேன்.

இனி வேட்டை. என்னிடம் வந்த ஒரு சிறுதோட்டக்காரர் 7-ஆம் மாதத்தில் சுடத் தொடங்கினார். தோளுக்கு ஒன்றும் ஆகவில்லை. 9-ஆம் மாதத்தில், மழை விட்ட மறுநாள், வரிசைக்கு நடுவே குவித்திருந்த செம்பனை மட்டைகளைத் தாண்டும்போது கால் வழுக்கியது. கையில் துப்பாக்கி இருந்ததால் தரையைப் பிடிக்க முடியவில்லை. முழு எடையும் அறுவை செய்த பக்கத்தில் விழுந்தது. உள்ளே வைத்த உலோகத் தண்டின் நுனிக்குச் சற்றுக் கீழே மேற்கை எலும்பு முறிந்தது. முதல் அறுவையைவிட இரண்டாவது கடினமாக இருந்தது. கை பழைய உயரத்துக்கு ஏறவும் இல்லை. ஒரு தோட்டாகூட அவர் அன்று சுடவில்லை.

அதனால்தான் முதல் ஓராண்டுக்கு மட்டைக்குவியல், வடிகால், சரிவு ஆகியவை உள்ள இடங்களில் இருட்டில் நடக்காதீர்கள் என்கிறேன். பிடிப்புள்ள காலணி அணியுங்கள். வடிகாலைத் தாண்டும் முன் துப்பாக்கியிலிருந்து தோட்டாவைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியை நண்பரிடம் கொடுப்பதற்குப் பதிலாகக் கரையில் பத்திரமாக வைத்துத் தாண்டி, பிறகு எடுங்கள். தோள்வாரை இடது பக்கம் மாட்டுங்கள். பரணில் ஏறுவதும், கப்சாயில் (சிறு மோட்டார் சைக்கிளில்) துப்பாக்கியோடு செம்மண் சாலையில் போவதும் இந்த ஆண்டுக்கு வேண்டாம். பன்றி விழுந்தபின் அதை இழுப்பது மற்றவர் வேலை. வளர்ந்த பன்றி 50 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். மாற்றிய தோளுள்ள கைக்குப் பல மருத்துவர்கள் ஆயுளுக்கும் 10 கிலோ அளவிலேயே எல்லை வைக்கிறார்கள். வேட்டைக்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் தேவை என்பது உங்களுக்குத் தெரிந்ததே. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் காட்டுப்பன்றிக்கும் அது பொருந்தும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 4 ஏக்கரில் குலை வெட்டுவது யார்? நீங்களே நீண்ட கழியில் அரிவாளைப் பூட்டித் தலைக்குமேல் இழுப்பவர் என்றால், மாதம் ஒருமுறை சுடும் 5 தோட்டாவைவிட அந்த வேலைதான் உங்கள் மூட்டை அதிகம் தேய்க்கும். எனக்குத் துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப்பேர் கழியைப் பற்றி எழுதுவதில்லை. அறுவடையை ஆளுக்கு விட்டுவிடுங்கள். மட்டை முள் அந்தக் கையில் குத்தினால் அன்றே சுத்தம் செய்து, வீங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள். தோள்மூட்டில் கியூட்டிபாக்டீரியம் என்னும் கிருமி காய்ச்சல், சிவப்பு எதுவும் காட்டாமல் மாதக்கணக்கில் பதுங்கியிருக்கும். காரணம் தெரியாமல் வலியும் இறுக்கமும் தொடர்ந்தால், உதையால் வந்தது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

அடுத்த முறை ஈப்போவுக்குப் போகும்போது, துப்பாக்கியின் நீளத்துக்கும் ஏறக்குறைய 3 கிலோ எடைக்கும் ஒரு மரக்கட்டையை வெட்டி எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முன் நின்று, நீங்கள் வழக்கமாகப் பதிக்கும் இடத்தில் பதித்துக் காட்டுங்கள். பல அறுவை மருத்துவர்கள் வாழ்நாளில் துப்பாக்கியைத் தோளில் வைத்ததே இல்லை. எக்ஸ்ரேயையும் அந்தக் கட்டையையும் சேர்த்துப் பார்த்த பிறகு அவர் சொல்லும் தேதியை மகனும் கேட்கட்டும். மகனையும் உடன் அழைத்துப் போங்கள்.