ஓட்டோ கியர் காரில் இடது காலை எங்கே வைப்பது?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். யாழ்ப்பாணத்தில் எட்டு வருடம் ஹையேஸ் வான் ஓடியிருக்கிறீர்கள். இப்போது ரொறன்ரோவில் ஓட்டோ கியர் கார். கிளச் இல்லாததால் இடது கால் சும்மா கிடக்கிறது. அதைப் பிறேக்குக்கு வைத்துக்கொண்டால் கெதியாய் நிற்பாட்டலாம் என்கிறார் மச்சான்; கூடவே கூடாது என்கிறார் பயிற்றுநர். அடுத்த மாதம் லைசன்ஸ் ரெஸ்ற்.

பயிற்றுநர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் மச்சான் சொல்வதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அக்சிலேற்றரில் இருந்து வலது காலை எடுத்துப் பிறேக்கில் வைக்க 0.25 செக்கன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோமீற்றர் வேகத்தில் அந்த நேரத்துக்குள் கார் மூன்றரை மீற்றர் போய்விடும். 401 நெடுஞ்சாலையில் 100இல் போனால் 7 மீற்றர், அதாவது ஒரு காரின் நீளத்துக்கும் மேல். இடது கால் பிறேக்கின் மேல் தயாராக நின்றால் அந்தத் தூரம் மிச்சம்தான்.

ஆனால் அந்தக் கால் எங்கே நிற்கும்? அரை மணித்தியாலம் காலை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு ஒருவராலும் ஓட முடியாது. கொஞ்ச நேரத்தில் பெடலில் சாய்ந்துவிடும். பிறேக் லைற்றின் சுவிட்ச் பெடலோடு சேர்ந்து இருக்கிறது. பெடல் சில மில்லிமீற்றர் அசைந்தாலே லைற் எரியும். பிறேக் காரை இலேசாய் இழுத்துப் பிடிப்பது உங்களுக்குத் தெரியாது, பின்னால் வருகிறவருக்கோ சிவப்பு லைற் அணையாமல் தெரிந்துகொண்டே இருக்கும். நீங்கள் உண்மையில் நிற்பாட்டும்போது அவருக்குப் புதிதாய் ஒன்றும் தெரியப்போவதில்லை. பிறேக் பாட் தேய்வது, பிறேக் டிஸ்க் சூடாவது எல்லாம் அதற்குப் பிறகுதான். டொட் 3 (DOT 3) என்ற வகைப் பிறேக் ஒயில் புதிதாக இருந்தால் 205 பாகை செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய பழைய ஒயில் 140இலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் பஞ்சு போலத் தரைக்குப் போகும்.

மிச்சப்படுத்தும் 7 மீற்றரை வேறு வழியில் மலிவாக வாங்கலாம். முன்னால் போகிற காருக்கும் உங்களுக்கும் இடையில் இப்போது விடுவதை விட ஒரு செக்கன் கூடுதலாக இடைவெளி விடுங்கள். 100இல் அது 28 மீற்றர். பாடசாலை வாசல், வரிசையாக நிற்கும் கார்கள், பச்சை லைற் எரியத் தொடங்கிக் கனநேரமாகி, மாறப்போகிற சந்தி போன்ற இடங்களில் வலது காலை அக்சிலேற்றரில் இருந்து எடுத்துப் பிறேக்கின் மேல் முன்கூட்டியே வைத்திருங்கள். மச்சான் மிச்சம் பிடிக்க நினைத்த அந்த 0.25 செக்கனும் அப்படியே திரும்பி வந்துவிடும்.

இதெல்லாம் எல்லோருக்கும் பொது. உங்களுக்கென்று இன்னொரு சிக்கல் இருக்கிறது: உங்கள் இடது கால் கிளச்சுக்குப் பழகிய கால். வானில் அது என்ன செய்தது? ஒரே அமத்தாகத் தரைவரை மிதித்தது, பிறகு மெல்ல மெல்ல விட்டது. பிறேக்குக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். தொடக்கத்தில் இலேசாய், பிறகு கூட்டி, கார் நிற்கப்போகும் கடைசிக் கணத்தில் கொஞ்சம் தளர்த்திப் பிடிக்க வேண்டும். வலது காலுக்கு எட்டு வருடமாய்த் தெரிந்த இந்த நிதானம் இடது காலுக்குத் தெரியாது. சந்தேகம் இருந்தால் ஆளில்லாத பெரிய பார்க்கிங்கில், சீற் பெல்ற் போட்டு, 15 கிலோமீற்றர் வேகத்தில் ஒருமுறை இடது காலால் பிறேக் பிடித்துப் பாருங்கள். கழுத்து பதில் சொல்லும்.

நீங்கள் வேண்டுமென்று செய்யாவிட்டாலும் இது நடக்கும். சிவப்பு லைற்றை நெருங்கும்போது பழக்க தோஷத்தில் இடது கால் கிளச்சைத் தேடும். ஓட்டோ கியர் காரில் பிறேக் பெடல் அகலம். அதன் இடது ஓரம் கிட்டத்தட்டப் பழைய கிளச் பக்கம்வரை வந்து நிற்கும். கால் அதில்தான் போய் விழும், கார் நடு றோட்டில் அறைந்தது போல நிற்கும். கையால் கியர் மாற்றும் மனுவலில் இருந்து மாறியவர்கள் முதல் சில வாரங்களில் இப்படிப் பின்னால் இடி வாங்கலாம்.

இன்னும் பெரிய ஆபத்து பதற்றத்தில் வருவது. ஒரு பிள்ளை குறுக்கே ஓடி வந்தால் உடம்பு தானாகவே இரண்டு காலையும் நீட்டி உதைக்கும். இடது கால் பெடல்களுக்கு இடப்பக்கம் கால் வைக்க இருக்கும் மேடையில் இருந்தால் அது மேடையை உதைத்து உங்களைச் சீற்றோடு சேர்த்து இறுக்கும், வலது கால் பிறேக்கை முழுப் பலத்தோடு மிதிக்கும். இடது கால் பிறேக்கிலும் வலது கால் அக்சிலேற்றரிலும் இருந்தால் இரண்டும் சேர்ந்தே அமரும். தானாகவே பாய்ந்ததாகச் சொல்லப்பட்ட கார்களைப் பற்றி அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிறுவனம் 1989இல் வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலும் காரணம் பெடல் மாறி மிதித்ததுதான் என்று முடித்தது. 2009, 2010இல் டொயோட்டா கார்கள் திருப்பி அழைக்கப்பட்ட பிறகு, இரண்டு பெடலும் சேர்ந்து அமர்ந்தால் என்ஜின் வலுவைக் குறைத்துப் பிறேக்குக்கு இடம் விடும் ஏற்பாடு புதிய கார்களில் பரவலாக வந்துவிட்டது. ஆனால் புதிதாய் வந்தவர்கள் வாங்குவது பெரும்பாலும் பழைய கார். அதில் இருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். அக்சிலேற்றர் முழுக்க அமர்ந்திருக்கும்போது பெற்றோல் என்ஜினில் பிறேக்குக்கு உதவும் வெற்றிடம் குறைந்துவிடும்; திரும்பத் திரும்ப மிதித்தால் இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாகும். அப்படி ஒரு நிலை வந்தால் ஒரே தடவை பலமாய் மிதித்து விடாமல் பிடியுங்கள், கியரை N இல் (நியூட்ரலில்) போடுங்கள்.

சரி, எப்படிப் பழகுவது? முதலில் சீற். பிறேக்கைத் தரைப்பக்கமாய் முழுக்க அமர்த்தும்போதும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். நீட்டி நிமிர்ந்தால் சீற்றை முன்னுக்கு எடுங்கள். நான் சொன்ன அந்த மேடை பெடல்களுக்கு இடப்பக்கம் சரிவாய் இருக்கும். இடது பாதம் முழுவதையும் அதில் வையுங்கள். காரில் ஏறிக் கதவு பூட்டியதும் முதல் வேலை அதுவாக இருக்கட்டும். வலது குதிக்காலைப் பிறேக்குக்கு நேரே தரையில் ஊன்றி, நுனிப் பாதத்தை மட்டும் வலப்பக்கம் திருப்பி அக்சிலேற்றரை மிதியுங்கள். குதிக்கால் அக்சிலேற்றருக்கு நேரே இருந்தால் அவசரத்தில் பாதம் பிறேக்குக்கு முழுக்க வந்து சேராது. வெற்றுப் பார்க்கிங்கில் என்ஜினை நிற்பாட்டிவிட்டு, கீழே பார்க்காமல், இப்படி ஐம்பது தடவை மாற்றிப் பாருங்கள். பிறகு ஓடி நிறுத்திப் பழகுங்கள்.

பின்னுக்கு எடுக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். உடம்பை வலப்பக்கம் முறுக்கித் திரும்பிப் பார்க்கும்போது குதிக்காலும் சேர்ந்து நகர்ந்துவிடும். நினைத்தது பிறேக், அமர்ந்தது அக்சிலேற்றர் என்று ஆகும். கடைக் கண்ணாடிக்குள் கார் பாய்ந்த செய்திகளில் பல இந்த வகைதான். இந்தக் கார்கள் முன்னுக்குப் போகும் D இல் போட்டாலும் பின்னுக்குப் போகும் R இல் போட்டாலும் அக்சிலேற்றர் இல்லாமலே ஊரும். பார்க்கிங்கில் அந்த ஊர்தலே போதும், வலது காலைப் பிறேக்கை விட்டு நகர்த்தாதீர்கள்.

விண்டரில் சப்பாத்து மாறும். அகலமான ஸ்நோ பூட்ஸ் இரண்டு பெடலையும் ஒன்றாய்த் தொடும். ஒடுங்கின அடியுள்ள சப்பாத்து ஒன்றைக் காரில் வைத்துக்கொள்ளலாம். ஏறுமுன் அடியில் ஒட்டிய பனியைத் தட்டிவிடுங்கள், உருகினால் பெடல் வழுக்கும். றப்பர் பாயைப் பழைய துணிப் பாயின் மேல் போடாதீர்கள். பழையதை எடுத்துவிட்டு, கொழுக்கியில் மாட்டித்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் முன்னுக்கு ஊர்ந்து அக்சிலேற்றரில் சிக்கும். பனியில் பலமாய்ப் பிறேக் பிடிக்கும்போது பெடல் காலுக்கு அடியில் துடித்தால் அது ஏபிஎஸ் (ABS), சில்லு இறுகி வழுக்காமல் பார்க்கும் ஏற்பாடு. பயந்து காலை எடுக்காமல் அமர்த்தியே பிடியுங்கள்.

ரெஸ்றைப் பற்றி: எந்தக் காலால் பிறேக் பிடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பரிசோதகர் பார்ப்பது ஸ்ரொப் கோட்டில் சில்லு முழுக்க நிற்கிறதா, அடிக்கடி குலுக்குகிறீர்களா என்பதை. இடது காலால் அவை இரண்டும் கெட்டுப்போகும், அவ்வளவுதான்.

ரலி கார்ப் பந்தய ஓட்டக்காரர் இரண்டு காலும் பாவிக்கிறார்களே என்று மச்சான் கேட்பார். முன் சில்லை என்ஜின் இழுக்கும் காரில் அக்சிலேற்றரை விடாமல் இடது காலால் பிறேக் பிடித்தால் முன் சில்லு உருண்டுகொண்டே இருக்கும், பின்பக்கம் வெளியே வீசும். அவர்களுக்கு வளைவில் அது வேண்டும். உங்களுக்கு ரொறன்ரோவின் மார்க்கம் றோட்டில் அது வேண்டாம். வலது காலில் உபாதை உள்ளவர்களுக்கு இடது காலால் மிதிக்க அக்சிலேற்றரையே இடப்பக்கம் மாற்றிப் பூட்டிக் கொடுப்பார்கள்; அது மருத்துவ மதிப்பீட்டோடு செய்கிற வேறு விஷயம்.

ஒன்றை மச்சானிடமும் சொல்லுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போய் யாருடையதோ மனுவல் வானை எடுப்பீர்கள். ஸ்ரியறிங் வலப்பக்கம் போனாலும் பெடல்களின் வரிசை மாறாது: இடதில் கிளச், நடுவில் பிறேக், வலதில் அக்சிலேற்றர். சிக்னல் என்று நினைத்து வைப்பரைப் போட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பிறேக் என்று இடது காலால் மிதித்துப் பழகியவர் மாடு குறுக்கே வரும்போது மிதிப்பது கிளச்சை. என்ஜின் பிடி விட்டுப்போய், வான் போன வேகத்திலேயே உருண்டுகொண்டு போகும்.