கதை இல்லாத புத்தகத்தையும் பிள்ளைகள் விரும்பிப் படிக்க

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன் கதைப் புத்தகம் என்றால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவான். பறவை, பூச்சி, ஆறு, மழை என்று விஷயம் சொல்லும் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் இரண்டு பக்கத்தோடு மூடிவிடுகிறான். "பாடப் புத்தகம் மாதிரி இருக்கும்மா" என்கிறான். என்ன செய்யலாம்?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: காரணத்தை உங்கள் மகனே சொல்லிவிட்டான். தகவல் சொல்லும் எழுத்து என்று அவன் இதுவரை பார்த்ததெல்லாம் பாடம்தான், பாடம் முடிந்தால் கேள்வி வரும், பதில் தெரியாவிட்டால் திட்டு விழும். கதைக்கு அந்தப் பயம் இல்லை. அதனால் அவன் படித்து முடித்ததும் "என்ன புரிந்தது, சொல்லு பார்ப்போம்" என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம். கதையை நடுவிலிருந்து படிக்க முடியாது, ஆனால் பறவைப் புத்தகத்தை எங்கே வேண்டுமானாலும் திறக்கலாம், படத்துக்குக் கீழே இருக்கும் ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு மூடினாலும் அது படித்ததுதான்.

அப்புறம், அவன் கண்ணால் பார்த்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள். உங்கள் பக்கம் பனைமரத்திலும் கிணற்றோரத்திலும் தூக்கணாங்குருவிக் கூடு தொங்குவதை அவன் பார்க்காமல் இருந்திருக்க மாட்டான். அந்தக் கூட்டைக் கட்டுவது ஆண் குருவி, நெல் தாளையும் புல்லையும் நார் நாராகக் கிழித்துப் பின்னிப் பாதிக் கூடு வரைக்கும் கட்டிவிட்டுக் காத்திருக்கும், பெண் குருவி வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதியை முடிக்கும், பிடிக்காவிட்டால் அதை அப்படியே விட்டுவிட்டு வேறு கூடு தொடங்குவதும் உண்டு என்று ஒரு பக்கம் சொன்னால், அடுத்த நாள் அவன் மரத்தடியில் நின்று எது பாதிக் கூடு, எது முழுக் கூடு என்று எண்ணிக்கொண்டிருப்பான். நான் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் இப்படி நின்ற பிள்ளைகள், தாங்களாகவே திரும்ப வந்து அந்தப் பக்கத்தைப் புரட்டுவார்கள்.

இன்னொன்று, காசு செலவில்லாதது. நாளிதழில் மேட்டூர் அணை நிலவரம் வருகிறதல்லவா, நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை என்று? அதைத் தினமும் அவனை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். கடைமடை ஊரில் அந்த நாலு வரிக்காக வீடே காத்திருக்கும். அணையின் முழுக் கொள்ளளவுக்கு மட்டம் 120 அடி, வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12 என்று நீங்கள் சொல்லிவைத்தால் போதும், நேற்றைக்கு இன்று ஏறியதா இறங்கியதா என்று அவனே கணக்குப் போடுவான். தாத்தாவுக்குத் தேவையான சேதியைத் தான் படித்துச் சொல்கிறோம் என்ற பெருமை ஒரு பிள்ளைக்குச் சின்ன விஷயம் இல்லை.

புத்தகத்துக்கு: தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' மாத இதழைப் பாருங்கள், கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கானதுதான், ஆனால் நீங்கள் பாதி அவன் பாதி என்று சேர்ந்து படிக்கலாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் புத்தகங்கள் வாசிப்பு நிலை பிரித்து இலவசமாகவே கிடைக்கின்றன.

கேள்வி: என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தங்குதடையில்லாமல் சத்தமாக வாசிக்கிறார்கள். கட்டுரை போன்ற பகுதி வந்தால், என்ன படித்தாய் என்று கேட்டதும் விழிக்கிறார்கள். ஏன்?
– தொடக்கப் பள்ளி ஆசிரியை, வலங்கைமான்

பதில்: நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கூடுதல் சுமை இருக்கிறது டீச்சர். கதையில் யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள், அந்தத் தமிழ் வீட்டுத் தமிழுக்குப் பக்கத்தில் இருக்கும். தகவல் எழுத்தில் "பயன்படுத்தப்படுகிறது", "உருமாற்றமடைகின்றன" என்று வாக்கியம் நீண்டுகொண்டே போகும், வாய் எழுத்தைச் சரியாகக் கூட்டிவிடும், காதுக்கு அது பழக்கமில்லாத பேச்சு. ஒரு பத்தி வாசித்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பக்கத்துப் பிள்ளையிடம் அதை வீட்டில் பேசுகிற மாதிரியே சொல்லச் சொல்லுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் வகுப்பே "புரிஞ்சுது டீச்சர்" என்றுதான் சொல்லும். "இதில் உனக்குப் புதுச் சேதி எது?" என்று கேளுங்கள்.

வாசிக்கத் தொடங்கும் முன்பும் ஒரு ஐந்து நிமிடம், அந்த விஷயம் பற்றிப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்ததைப் பேசவிடுங்கள். 1988இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பகுதியை நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் அந்த ஆட்டத்தை நன்றாகத் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட அதிகமாகப் புரிந்துகொண்டார்கள். உங்கள் வகுப்பில் மெதுவாக வாசிக்கும் பையன் ஒருவனுக்கு நாற்றங்கால், நடவு, குறுவை, சம்பா எல்லாம் அத்துப்படியாக இருக்கும். நெல் பற்றிய பகுதியை அவனிடம் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: நூலகத்துக்குப் போனால் என் பேத்தி (இரண்டாம் வகுப்பு) ஒரே பாம்புப் புத்தகத்தையே திரும்பத் திரும்ப எடுக்கிறாள். வேறு புத்தகத்துக்கு மாற்றிவிடலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: மாற்ற வேண்டாம் ஐயா. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்துத் தந்த நூலக விதிகள் ஐந்தில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. உங்கள் பேத்திக்கு அது கிடைத்துவிட்டது. நீங்கள் செய்ய வேண்டியது அவளிடம் ஒரு சந்தேகம் கேட்பதுதான். சாரை ஆண், நல்லபாம்பு பெண், இரண்டும் பிணையும் என்று நாம் கேட்டு வளர்ந்தோமே, அது சரியா என்று கேளுங்கள். இரண்டும் வேறு வேறு இனம், சாரைக்கு விஷமே கிடையாது, வயலில் எலி பிடித்துத் தின்னும் என்று அவள் படத்தைக் காட்டி உங்களுக்குச் சொல்லித் தரட்டும். எலியைப் பற்றியோ தவளையைப் பற்றியோ அவளே கேட்டால் அந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுங்கள். கேட்காவிட்டால் அடுத்த வாரமும் பாம்பே வீட்டுக்கு வரட்டும்.