பால் கறப்பதும் கோழி வளர்ப்பதும் விலங்குக் கொடுமையா?

வளர்ப்பது கொடுமை இல்லை என்பதுதான் என் பதில். ஆனால் 'நாங்கள் பிள்ளை மாதிரி வளர்க்கிறோம்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வீடுகளான லயத்தில், மாட்டுக் கொட்டகையோடு வளர்ந்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

இந்த விவாதத்தில் இரண்டு கட்சி உண்டு. விலங்கு நலம் பேசுபவர்கள், 'பயன்படுத்து, ஆனால் துன்புறுத்தாதே' என்பார்கள். பசி, வலி, பயம் இல்லாமல் இருக்கவேண்டும், உடம்பை நீட்டி மடக்க இடம் வேண்டும் என்ற அவர்களின் அளவுகோல் பண்ணை விலங்குகளின் நிலை பற்றி 1965இல் பிரிட்டனில் வந்த பிராம்பெல் குழு அறிக்கையிலிருந்து வளர்ந்தது. விலங்கு உரிமை பேசும் அமெரிக்கத் தத்துவவாதி டாம் ரீகன் போன்றவர்களோ பயன்படுத்துவதே தவறு என்கிறார்கள்.

நான் முதல் கட்சி. ஆனால் காளைக்கன்று விஷயத்தில் இரண்டாம் கட்சிக்கு என்னிடம் பதில் கிடையாது. அம்மா கன்றுக்கு ஊட்டவிட்டுத்தான் கறப்பார். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம், கழுத்தில் மாலை எல்லாம் உண்டு. ஆனால் பசு ஈன்றால்தானே பால்? ஈனுவதில் பாதி காளை. ரப்பர் தோட்டத்தில் அதற்கு உழவா இருக்கிறது? கொஞ்சம் வளர்ந்ததும் வியாபாரியின் லோரி வந்துவிடும். நாங்கள் மாட்டிறைச்சி தொடாத குடும்பம். அந்தக் காசில் தீபாவளித் துணி எடுப்போம், லோரி எங்கே போகிறது என்று மட்டும் யாரும் கேட்கமாட்டோம். என் அக்கா மகள் இதைச் சொல்லியே பாலை விட்டுவிட்டாள். நான் விடவில்லை. இன்றும் பால் ஊற்றிய தே தாரிக் தான்.

முனியாண்டிக்கு ஆடு வெட்டினால் மட்டும் ஊரே விலங்கு நலம் பேசும். வெட்டுவதை ஆதரித்து வாதாட வரவில்லை. ஆனால் நாம் சாப்பிடும் தேங்காய்ப்பால் சோறு நாசி லெமாக்கில் இருக்கும் முட்டை பெரும்பாலும் கூண்டுக் கோழி போட்டது. சாதாரணக் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஒரு ஏ4 தாள் அளவுகூட இருக்காது, சிறகை விரிக்கமுடியாது. அப்படிப்பட்ட வெறும் கூண்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் தடைசெய்துவிட்டது. பலி ஆடாவது சாகும்வரை செம்பனைக்கு அடியில் மேய்ந்து திரிந்தது.

சட்டம் நலக் கட்சியின் பக்கம்தான். முன்பு மலேசியாவில் விலங்கைக் கொடுமைப்படுத்தினால் அதிகபட்ச அபராதம் 200 வெள்ளிதான் (ரிங்கிட்). 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே.

அப்புறம் நாய். தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபோனவர்கள் பலர் நாயை லயத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அது பெருகி ரோட்டுக்கு வந்ததும் நகராண்மைக் கழகத்துக்குப் புகார் செய்தவர்களும் நம் ஆட்கள்தான். தாமான் என்ற வீடமைப்புப் பகுதிக்கு வந்தவர்கள் நாயை நாள் முழுக்க வெயிலில் கேட்டோடு கட்டிப்போடுகிறார்கள். காவலுக்காம்! பால் குடிப்பது பாவமா என்று அடித்துக்கொள்ளும் நேரத்தில் அந்தச் சங்கிலியை அவிழ்த்துவிட்டு, நிழலில் ஒரு சட்டி தண்ணீர் வைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் நீங்கள் சொல்லியும் கேட்கவில்லையா, கால்நடைச் சேவைத் துறையிடம் புகார் கொடுங்கள்.