மூன்று மணிக்கே இருட்டினால் மூளை சுருங்குமா, தம்பி?

"ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் வந்தேன். நவம்பரிலிருந்து எவ்வளவு தூங்கினாலும் போதவில்லை, படித்தது தலையில் நிற்கவில்லை. வெளிச்சம் குறைந்தால் மூளையே சுருங்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். நிஜமா அண்ணே?" என்று கேட்டிருந்தீர்கள். திருமங்கலத்துப் பிள்ளை, பயந்துதான் போயிருப்பீர்கள்.

நான் இப்போது லீவில் வந்து, மேலூரில் அம்மா வீட்டுத் திண்ணையில் இருந்து எழுதுகிறேன். மார்கழி. காலை ஆறரைக்கு விடிந்தது, சாயங்காலம் ஆறு மணிக்கு இருட்டும். ஆனி மாதத்திலும் பெரிய மாற்றம் கிடையாது. மதுரைப் பக்கம் வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் வித்தியாசம். உங்கள் ஊரில் ஜூனில் 18 மணி நேரத்துக்கு மேல் பகல், டிசம்பரில் வெறும் 6. நம் உடம்பு இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை.

நிஜமாகவே தலை சுருங்கும் பிராணி ஒன்று உண்டு. பிள்ளையார் வாகனமான மூஞ்சூறின் ஐரோப்பியச் சொந்தக்காரன். குளிர்காலத்தில் அதன் மண்டையோடு சுமார் 15 சதவீதம் சிறுத்து, வசந்தத்தில் மறுபடி வளரும். மூளையும் கூடவே சிறுக்கும். போலந்து விலங்கியலாளர் டேனல் 1949-இல் இதை எழுதிவைத்தார்.

மனிதன் கதை அவ்வளவு நாடகமில்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 404 பேரின் மூளை ஸ்கேனைப் பார்த்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. பகல் நீண்ட நாட்களில் ஸ்கேன் எடுத்தவர்களுக்கு, நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி பெரிதாக இருந்தது. ஆனால் ஒரே ஆளைக் கோடையிலும் குளிரிலும் அளந்து ஒப்பிடவில்லை. வேறு வேறு ஆட்கள், வேறு வேறு நாட்கள். வீடியோக்காரர்கள் இதை விட்டுவிடுவார்கள். பெல்ஜியத்தின் லியேஜில் 28 பேரை வெளியுலக வெளிச்சமே படாமல் நாலரை நாள் வைத்துச் சோதித்தார்கள் (2016-இல் வெளியானது). கவனத்துக்கான மூளை இயக்கம் டிசம்பர் வாக்கில் குறைவு, ஜூன் வாக்கில் அதிகம். ஆனாலும் பரீட்சையில் அவர்கள் செய்த திறமை பருவத்தால் மாறவில்லை! இதை ஒரு சீட்டில் எழுதி மேஜையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் தூக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் மூளைக்குள் இருக்கும் கடிகாரம். விடிந்துவிட்டது என்று அதற்குச் சொல்வது கண்ணில் விழும் வெளிச்சம். அது வந்தால்தான் இரவைச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பது அடங்கும். எட்டே முக்காலுக்கு விடிகிற ஊரில், எட்டு மணி வகுப்புக்கு நடு இரவில் எழுந்து போவதுபோலத்தான் இருக்கும்.

என் முதல் குளிர்காலத்தில் நான் என்னைச் சோம்பேறி என்றே முடிவுகட்டியிருந்தேன். மதியம் மூன்று மணிக்கு அம்மாவுக்குப் போன் போட்டால், "அங்க மணி மூணுதானே, அதுக்குள்ள லைட்டைப் போட்டுட்டியா?" என்பார். உண்மையில் லைட்டைக் காலையிலிருந்தே அணைத்திருக்க மாட்டேன். சித்திரை வெயிலுக்கு ஜன்னலைச் சாத்தி வளர்ந்த கை, அங்கேயும் காலையில் திரையை இழுத்துவிடும். இருக்கிற ஆறு மணி நேரத்தையும் நானே அடைத்து வைத்திருந்தேன் என்று புரிய மூன்று மாதம் ஆனது. தூங்கா நகரத்துக்காரன் தூங்கி வழிந்த கதை இது.

இந்தக் குளிர்கால மனச்சோர்வை 1984-இல் விவரித்த மருத்துவர் நார்மன் ரோசென்தாலும் நம்மைப் போல வந்தேறிதான். தென்னாப்பிரிக்காவிலிருந்து நியூயார்க் வந்து, குளிரில் தானே சோர்ந்து போனவர்.

சரி, செய்ய வேண்டியது என்ன? மதியம் சாப்பிட்டதும் அரை மணி வெளியே நடங்கள், மேகமாக இருந்தாலும். அறைக்குள் இருப்பது சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). மூடிய வானத்தின் கீழும் அதைவிடப் பல மடங்கு கிடைக்கும். போதாவிட்டால் 10,000 லக்ஸ் சிகிச்சை விளக்கு, காலையில் அரை மணி. கண் கோளாறோ, மனம் ஒரேயடியாக ஏறி இறங்கும் வியாதியோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். வைட்டமின் டி ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், நம் நிறத்துக்கு அந்தக் குளிர் வெயிலில் அது ஊறாது. எதிலும் மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் போனால் சுவீடனின் மருத்துவ ஆலோசனை எண்ணான 1177-ஐக் கூப்பிடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

ஜூனில் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம், எப்படித் தூங்குவது என்று கேட்பீர்கள். அதற்குக் கறுப்புத் திரை விற்கிறார்கள். வாங்குங்கள், இப்போது மாட்டிவிடாதீர்கள்.