பாசி வளரும் சுவர், ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு உதவுமா?

கேள்வி: புது வீட்டில் உள்ளலங்கார வேலை நடக்கிறது. வரவேற்பறைச் சுவரில் கண்ணாடித் தொட்டி பதித்து அதில் உயிருள்ள பச்சைப் பாசி வளர்க்கலாம், மகளின் படுக்கையறையில் ஒரு சுவர் முழுக்கப் பாசியும் செடியும் வைக்கலாம், வீட்டுக் காற்றை நுண்ணுயிர்களே சுத்தமாக்கிவிடும் என்கிறார் வடிவமைப்பாளர். மகளுக்கு எட்டு வயது, ஆஸ்துமா இருக்கிறது, தினமும் இன்ஹேலர் எடுக்கிறாள். செய்யலாமா?

பதில்: வரவேற்பறைத் தொட்டியை அழகுக்காக வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையறைச் சுவர் மட்டும் வேண்டாம்.

தொட்டிப் பாசி கார்பன் டை ஆக்சைடை எடுத்து ஆக்சிஜனை விடுவது உண்மைதான். ஆனால் எவ்வளவு? ஒரு மனிதர் ஒரு நாளில் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு சுமார் ஒரு கிலோ. அதை உறிஞ்ச வேண்டுமானால் தினமும் அரைக் கிலோவுக்கு மேல், அதுவும் உலர்ந்த எடையில், புதுப் பாசி வளர வேண்டும். நன்கு பராமரிக்கும் தொட்டியிலேயே லிட்டருக்கு ஒரு நாளில் ஒரு கிராம் வளர்ந்தால் அதிகம். அப்படியானால் ஒருவருக்கே 500 லிட்டருக்கு மேல் தேவை. உங்கள் சுவர் தாங்குமா என்று பொறியாளரைத்தான் கேட்க வேண்டும்! தவிர, உங்கள் மகளின் மூச்சிரைப்பைத் தூண்டுவது கார்பன் டை ஆக்சைடு அல்ல. தூசிப்பூச்சி, பூஞ்சை, புகை, நுண்துகள், புது மரச்சாமானின் நெடி, இவைதான் தூண்டும்.

நெடி விஷயத்தில் நுண்ணுயிர்களுக்கு வேலை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1989-இல் நாசா ஆய்வாளர்கள் மூடிய பெட்டிகளுக்குள் தொட்டிச் செடிகளை வைத்துப் பார்த்தார்கள். காற்றிலிருந்த ரசாயனங்கள் குறைந்தன, அதில் பெரும் பங்கு இலையைவிட வேரும் மண்ணும் அங்கிருந்த நுண்ணுயிர்களும் செய்தது. ஆனால் வீடு மூடிய பெட்டி இல்லையே. இத்தகைய ஆய்வுகளை 2019-இல் மறுபடி கணக்கிட்டவர்கள், வீட்டுக்குள் இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வேண்டும் என்றார்கள். மின்விசிறி வைத்துக் காற்றை வேர்ப்பகுதி வழியாக இழுக்கும் அமைப்புகள் இதைவிட நன்றாக வேலை செய்யும். சும்மா சுவரில் நிற்கும் பச்சைக்கு அந்தத் திறன் வராது. அப்புறம் ஒன்று: கடையில் 'பாசிச் சுவர்' என்று விற்பதில் பல, கிளிசரின் ஏற்றிப் பதப்படுத்திய, உயிரில்லாத பாசி. காற்றை அது ஒன்றும் செய்யாது.

எனக்குக் கவலை தருவது ஈரம்தான். உயிருள்ள சுவருக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டிக்கொண்டே இருந்தால் தூசிப்பூச்சியும் பூஞ்சையும் பெருகும். ஈரமான மண்ணிலும் மட்கிய இலையிலும் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை சாதாரணமாக இருக்கும். அதன் வித்துகள் காற்றில் பறக்கும். ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது நுரையீரலில் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். வீட்டு ஈரமும் பூஞ்சையும் ஆஸ்துமாவை மோசமாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. குழந்தை எட்டு ஒன்பது மணி நேரம் தூங்கும் அறையில் இந்த ஆபத்தை விலைகொடுத்து வாங்க வேண்டாம்.

வரவேற்பறைத் தொட்டி வைத்தால், மூடியதாக இருக்கட்டும். யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்வார் என்பதை இப்போதே பேசி முடியுங்கள். பாசி செத்து நாறிய பிறகு வடிவமைப்பாளரைப் பிடிப்பது கஷ்டம்.

மிச்சப் பணத்தில் சமையலறைக்கும் குளியலறைக்கும் நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன், மகளின் அறைக்கு நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள காற்றுச் சுத்திகரிப்பான், ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன மீட்டர் வாங்குங்கள். பிளைவுட் வேலையும் பெயின்ட்டும் முடிந்ததும் உடனே குடிபோகாமல் சில வாரங்கள் ஜன்னலைத் திறந்து நெடி போக விடுங்கள்.

இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், குறைக்காதீர்கள். குடிபோன பின் இரவில் இருமலோ மூச்சிரைப்போ கூடினால், அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அவளைப் பார்க்கும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.